சிரம எண்

சம்யுக்தா விசைப்பலகை செய்கிறவள். கடையில் அட்டைப்பெட்டியோடு கிடைக்கிற சாமான் அல்ல அது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, ஒருத்தர் கைக்குச் செய்தது இன்னொருத்தர் கைக்கு ஆகாது. உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நரம்பு நோய்க்காரர்களுக்காக, கோயமுத்தூரில் ஒரு கம்பெனி அப்படிப் பலகைகளைச் செய்து கொடுத்தது. அந்தக் கம்பெனியில் அவள்தான் கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. நடந்த கொடுமையில் பாதி அதனால் வந்தது.

வளர்மதி வீட்டுக்கு அவள் முதன்முதலில் போனது ஓர் ஆடி மாதக் காலையில். வீடு திருப்பூரில், அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருந்தது. வளர்மதிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங் பார்த்தவள். தைத்து வந்த பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குறை இருந்தால் ஒதுக்கித் தள்ளுகிற வேலை. கடைசிப் பத்து வருஷம் அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைமை. அவள் வேண்டாம் என்று சொன்ன சரக்கு, முதலாளி வந்து நின்றாலும் லாரி ஏறாது.

கை அளவெடுக்க உட்கார்ந்ததும் வளர்மதிதான் பேச்சைத் தொடங்கினாள். நாக்கு அதற்குள் தடித்திருந்தது. புரியாததை எல்லாம் அவள் புருஷன் பூபதி பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னார்.

"அளவெடுக்கறதுன்னா சீக்கிரம் எடு அம்மணி. போன மாசம் இருந்த கை இப்ப இல்ல. நீ தெச்சுட்டு வர்றதுக்குள்ள இதுவும் மாறிப் போயிரும்."

"மாற மாற நானும் மாத்தித் தருவேன்க்கா. அதுதான் என் வேலை."

சம்யுக்தா மேசைமேல் பலகையை வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே மெத்தென்று இருக்கிற ஒரு திண்டு. விரல் எங்கே விழுகிறதோ அங்கே விசை வரும், விரலைத் தேடி விசை வருமே தவிர விசையைத் தேடி விரல் போக வேண்டாம். முழங்கைக்குக் கீழே கட்ட ஒரு பட்டை. தலைமாட்டில் ஒரு சின்னத் திரை, அதன் மூலையில் ஓர் எண்.

"இந்த நம்பரு எதுக்கு?" என்றாள் வளர்மதி.

"அது சிரம எண்க்கா. ஒரு பட்டனை அமுத்தறப்ப உங்க கை எவ்வளவு இறுகுதுன்னு இந்தப் பட்டை பாக்கும். முப்பதுக்குக் கீழ இருந்தா பச்சை, கை சுகமா இருக்குன்னு அர்த்தம். அறுபதுக்கு மேல போனா சிவப்பு. சிவப்பு வந்தா பட்டன் தப்பான இடத்துல இருக்கு. நான் இடம் மாத்திருவேன்."

"தப்பு பட்டன் மேலதான்னு எப்படிச் சொல்றே?"

"வேற எது மேலக்கா இருக்கும்?"

"ஒரு பீஸுல ஓட்டை இருந்துச்சுன்னா மெசின் மேல தப்பா, நூலு மேல தப்பா, தெச்சவ மேல தப்பான்னு மூணையும் பாப்போம் நாங்க. நீ ஒண்ணைத்தான் பாப்பயாட்ட இருக்குது."

சம்யுக்தா சிரித்துவிட்டாள். படிக்காத பொம்பிளைக்கு வாய் எவ்வளவு என்று ரசித்த சிரிப்பு அது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பட்டையைக் கட்டி முடித்தபோது வளர்மதி பூபதியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எழுத்தெல்லாம் நீ எங்க வேணும்னாலும் வெச்சுக்க அம்மணி. எனக்கு ஒரே ஒரு பட்டன் தனியா வேணும். வேண்டாம்னு ஒண்ணு. முப்பது வருசமா அந்த ஒரு வார்த்தையிலதான் சோறு தின்னேன். தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய வெச்சு மெசின்ல மாட்டுவாங்களாமா. மாட்டுனா வருசக்கணக்குல அப்படியே கெடக்கலாமாம். எனக்கு அது வேண்டாம். எழுதிக் கையெழுத்தும் போட்டு வெச்சாச்சு. ஆனா மனசு மாறும்பாங்களாம், அதனால அந்த நேரத்துல கேட்டு அந்த நேரத்துல சொல்றதுதான் செல்லுமாம். அப்ப எனக்கு வாய் இருக்காது. எழுத விரலும் இருக்காது. அந்த ஒரு பட்டன் இருந்தாப் போதும்."

"அதெல்லாம் இப்ப எதுக்குப் பேசறே? அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் பூபதி.

"அப்பறம்னா எப்ப? நான் வாயடைச்சுப் போனதுக்கு அப்பறமா?"

பூபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயப் பட்டறையில் மாஸ்டராக இருந்தவர், மனைவிக்காக வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. இந்த மனுஷனுக்கு அவளை விட்டால் உலகத்தில் பேச ஆள் கிடையாது என்பது உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷமே யாருக்கும் தெரிந்துவிடும்.

சம்யுக்தா வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பட்டனை நான் எடுக்க மாட்டேன்க்கா. உங்க கைக்கு எங்க சுகமோ அங்க வெப்பேன்" என்றாள். மனதாரச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதில் இரண்டு வாக்கு இருந்தது. ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

சிரம எண்ணைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தவளே சம்யுக்தாதான். அதற்கு முன்பெல்லாம் விசைகளைக் குத்துமதிப்பாக வைப்பார்கள், நோயாளி கை வலித்து அழுதால் மாற்றுவார்கள். அவள் வந்து ஒரு விதி எழுதினாள். கை சிரமப்படுகிற இடத்தில் விசை இருக்கக் கூடாது. பத்து நாள் தொடர்ந்து சிவப்பு காட்டினால் இடம் மாற்று. எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தும் சிவப்பு போகவில்லை என்றால் அந்த விசையையே எடுத்துவிடு, இருக்கிற கொஞ்சநஞ்ச தசையாவது மிஞ்சும். எளிமையான விதி, நியாயமான விதி. நாலாயிரம் பேர் அந்த விதியால் சுகப்பட்டார்கள். அரசாங்கமும் அந்தப் பலகையில் சொல்கிற வார்த்தை கையெழுத்துக்குச் சமம் என்று சட்டம் போட்டது.

வளர்மதியின் கை நினைத்ததைவிட வேகமாகச் சுருங்கியது. எழுத்து விசைகள் போய் வார்த்தை விசைகள் வந்தன. முதல் அமைப்பில் நாற்பத்தெட்டு விசை, நான்காம் திருத்தத்தில் பதினான்கு, ஐந்தாம் திருத்தத்தில் ஐந்து. தண்ணீர், திருப்பு, வலி, சரி, வேண்டாம். சம்யுக்தா கோயமுத்தூரில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்தாள், திருத்தி அனுப்பினாள். நேரில் போக வேண்டிய அவசியமில்லை என்பதும் கம்பெனியின் பெருமைகளில் ஒன்று.

தண்ணீருக்கு சிரம எண் பதினான்கு. திருப்புக்குப் பத்தொன்பது. வேண்டாமுக்கு எழுபத்தொன்று. சுண்டு விரலில் இருந்ததால் என்று நினைத்து மோதிர விரலுக்கு மாற்றினாள், எழுபத்து நான்கு. நடு விரல், எழுபது. இடது கைக்குக் கொண்டுபோனாள். எங்கே வைத்தாலும் சிவப்பு. பக்கத்திலேயே அதே விரலில் இருக்கிற வலி விசை பச்சையாக இருந்தது. அவளுக்குத் தூக்கம் கெட்டது. தன் விதிக்கு அடங்காத ஒரு விசையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மேலாளர் ஜெயசீலனிடம் போய்ச் சொன்னாள். அவர் நிதானமானவர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"எங்க வெச்சாலும் சிவப்புன்னா எடுத்துட வேண்டியதுதானே. ரூல் உன்னோடதுதானேம்மா."

"அந்தப் பட்டனை எடுக்க மாட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன் சார்."

"அந்தக் கையில பத்து கிராம் தசை மிச்சம் இருக்கு. ஒரு வார்த்தைக்காக அத்தனையும் செலவு பண்ணச் சொல்றியா?"

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் முகம் மலர்ந்து வந்தாள். கெட்டிக்காரிகளுக்கு வருகிற மாதிரியான யோசனை அவளுக்கும் வந்திருந்தது. "சார், வேண்டாம்னு சொல்ல ஒரு பட்டன் எதுக்கு? சரி பட்டன் இருக்கு. அதை அமுத்தலைன்னாலே வேண்டாம்னுதானே அர்த்தம். சும்மா இருக்கறதுக்குச் சிரமமே கிடையாது. எண் பூஜ்யம்."

"பிரமாதம்" என்றார் ஜெயசீலன்.

மௌனம் சம்மதம் என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. பேசாமல் இருக்கிற பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டதாகப் பொருள் சொல்லிப் பெண் பார்த்து, தேதி குறித்து, தாலி கட்டி அனுப்புகிற ஊர். அதில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், ஒருத்தி பேசாமல் இருந்தால் அதை மறுப்பென்று எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினார்கள். படிப்பு மனுஷரை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆறாம் திருத்தம் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனது. போண்டாவுக்குச் சட்னி வரக் காத்திருந்த நேரத்தில் அனுப்பினாள். எந்தத் திருத்தத்துக்கும் நோயாளியின் ஒப்புதல் வேண்டும் என்று விதி. புது அமைப்பைப் போட்டுப் பார்த்த பிறகுதானே பிடித்ததா என்று கேட்க முடியும்? அதனால் முதலில் புது அமைப்பு ஏறும், பிறகு கேள்வி போகும். இந்த அமைப்பை ஏற்கிறீர்களா? வளர்மதியின் பலகையில் அப்போது நான்கு விசைகள் இருந்தன. பத்தொன்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. சரி. எல்லா எண்ணும் பச்சை, சராசரி பதினெட்டு. சம்யுக்தா அந்தத் திரையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து பூபதி போன் செய்தார்.

"குழாய் வெச்சாச்சுங்க அம்மணி. நல்லா மூச்சு வருதுங்க. அவளே சொன்னாளுங்க, உங்க பலகையில. வேண்டாம் வேண்டாம்னு எத்தன நாளு என்னைய அழ வெச்சா. கடைசீல சரின்னுட்டாளுங்க. டாக்டரு, நர்ஸு எல்லாம் இருந்தாங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

சம்யுக்தாவுக்கு ஆடி மாதத்துக் காலை ஞாபகம் வந்தது. பிறகு, மனசு மாறத்தான் செய்யும், சாவு பக்கத்தில் வந்தால் யாருக்குத்தான் மாறாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஜெயசீலன் மைசூர்பா வாங்கி வரச் சொன்னார். எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனி ஒரு விருதுக்கு விண்ணப்பித்தது. அதற்கு ஒரு நோயாளியின் முழுப் பதிவையும் இணைக்க வேண்டும். சிரம எண் எழுபதிலிருந்து பதினெட்டுக்கு வந்த வளர்மதியைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? சம்யுக்தா பதிவைத் திறந்தாள். அதுவரை அவள் எண்களை மட்டும்தான் பார்த்திருந்தாள், அதுவும் விசைக்கொரு சராசரியை. பலகை கேள்விகளையும் பதிவு செய்திருந்தது. கேள்வி இல்லாத பதில் கோர்ட்டில் செல்லாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. எழுதி வைத்தாற்போல் எல்லாம் வரிசையாக இருந்தது.

கஞ்சி வேணுமா என்று கேட்டால் வளர்மதி வேண்டாம் விசையைத் தொட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டால் போதும், அதற்கு எதற்கு விசை. அந்த விசையை அவள் ஒரே ஒரு கேள்விக்குத்தான் செலவு செய்திருந்தாள். தினமும் சாயங்காலம் பூபதி கேட்டிருந்தார். மனசு மாறிச்சா, குழாய் வெச்சுக்கலாமா? வேண்டாம், எழுபத்து நான்கு. வெச்சுக்கலாம்டி, எனக்காக. வேண்டாம், எழுபத்தெட்டு. கை சிரமப்படவில்லை. அழுகிற புருஷனிடம் மாட்டேன் என்று சொல்ல ஒரு பெண்ணின் உடம்பு மொத்தமும் இறுகியிருக்கிறது. அதைத்தான் பட்டை அளந்திருக்கிறது. அதைத்தான் சம்யுக்தா விரல் விரலாக மாற்றி வைத்து, கடைசியில் எடுத்து எறிந்திருக்கிறாள்.

அவள் நிறுத்தாமல் மேலே படித்தாள்.

ஆறாம் திருத்தத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். டாக்டர் குரல்: அம்மா, குழாய் போடலாங்களா? பதில் இல்லை. பூபதி குரல்: யோசிக்கறா டாக்டர், மறுபடியும் கேளுங்க. பதில் இல்லை. மறுபடியும் கேளுங்க. அப்புறம் பதில் வந்திருக்கிறது. வலி. எங்கம்மா வலிக்குது? வலி. பூபதி குரல்: கண்ணுல தண்ணி வருதுங்க டாக்டர், ரொம்ப வலிக்குதாட்ட இருக்குது, ஏதாச்சும் குடுங்க. வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். மறுநாள் அதே கேள்வி. வலி. ஊசி. சாயங்காலம் அதே கேள்வி. வலி, வலி, வலி. ஊசி. சம்யுக்தா எண்ணிப் பார்த்தாள். ஒன்பது நாளில் அந்தக் கேள்விக்கு நாற்பத்தொரு தடவை வலி என்று பதில் சொல்லியிருந்தாள் வளர்மதி. மறுக்க வார்த்தை இல்லாதவள், இருக்கிற நாலு வார்த்தையில் அதற்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்துத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தருக்கும் புரியவில்லை.

ஒன்பதாம் நாள், ஊசி போட்டு இருபது நிமிஷம் கழித்து, பூபதி குரல், மெதுவாக: வளரு, சரின்னு சொல்லு கண்ணு. சரி என்று வந்திருக்கிறது. அந்தச் சரிக்கு சிரம எண் ஆறு.

ஆறு என்பது விழித்திருக்கிற கையின் எண் அல்ல. இந்த நோயில் சாகப்போகிற தசை தானாகத் துடிக்கும், தூக்கத்திலும் துடிக்கும். சரி விசை கட்டை விரலுக்கு அடியில், எல்லாவற்றிலும் லேசான இடத்தில் இருந்தது. தொட்டால் போதும் என்று வைத்தவள் சம்யுக்தாதான்.

அவள் பதிவை அச்செடுத்துக்கொண்டு ஜெயசீலன் அறைக்குப் போனாள். அவர் முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

"நாலாயிரத்து இருநூறு பேர் நம்ம பலகையிலதான் பேசறாங்க. இதுல வந்த ஒரு சரி தப்புன்னு நாமளே சொன்னா, அத்தனை பேர் சொன்னதும் சந்தேகம்னு ஆயிரும். நாளைக்கே சட்டத்தை எடுத்துருவாங்க. அத்தனை பேர் வாயையும் மூடணுமா?"

"வேண்டாம் பட்டனைத் திருப்பி வெச்சிடறேன் சார்."

"எங்க வெப்ப? இப்ப அந்தம்மாவுக்கு ஒரு கட்டை விரல்தான் மிச்சம். ஒரு பட்டன்தான் நிக்கும். பதினோராம் திருத்தத்துல நீதான் மத்த மூணையும் எடுத்தே."

"சரியை எடுத்துட்டு வேண்டாமை வெக்கறேன்."

"வெச்சா, எது கேட்டாலும் வேண்டாம்னு வரும். அதுவும் இதே துடிப்புதானே. எதை வெச்சு எதை நம்பறது?" அவர் காகிதங்களை அடுக்கி அவளிடமே கொடுத்தார். "அவங்க வீட்டுக்காரர்கிட்டப் போய்ச் சொல்லணும்னா சொல்லு. நான் தடுக்கலை. உன்னால சொல்ல முடிஞ்சா சொல்லு."

காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து சம்யுக்தா ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணா, அவங்க அன்னைக்குச் சரின்னு சொல்லலை. வேறு எப்படிச் சொன்னாலும் நீண்டுகொண்டே போனது. இதுதான் சுருக்கம். அவினாசி தாண்டும்போது உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். சொல்ல முடியும் என்றுதான் தோன்றியது.

பூபதி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். பாதியாக இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அறை ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. மெசின் ஒரே சீராக மூச்சை உள்ளே தள்ளி வெளியே எடுத்தது. வளர்மதி தலையில் அன்றைக்குப் பறித்த மல்லி. இமைத் தசையும் போய்விட்டது, பாதி திறந்த கண்ணுக்கு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். அதையும் அவரேதான் விட்டார்.

"பேப்பரு படிச்சுக் காட்டுவனுங்க. பனியன் கம்பெனி சேதி எல்லாம் சொல்லுவனுங்க. தெனம் காலைல ஒண்ணு கேப்பேன், நான் செஞ்சது சரிதானே வளருன்னு. சரிம்பா. அந்த ஒரு வார்த்தையிலதாங்க பொழுது ஓடுது."

சம்யுக்தா, காப்பி கிடைக்குமா அண்ணா என்று கேட்டு அவரை உள்ளே அனுப்பினாள். கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பலகையில் ஒற்றை விசை. திரையின் மூலையில் எண்.

"வளர்மதிக்கா, சம்யுக்தா வந்திருக்கேன். ஜன்னலைத் திறக்கட்டுமா?"

கட்டை விரல் துடித்தது. சரி. பதினைந்து, பச்சை.

"இந்தக் குழாய் இருக்கட்டுமா?"

சரி. எழுபத்தெட்டு, சிவப்பு.

"குழாய் வேண்டாம்னுதானே அத்தனை நாளும் சொன்னீங்க?"

சரி. இருபத்திரண்டு.

வார்த்தை ஒன்றேதான். எண்தான் பேசியது. தொழில் புத்தி போகாதே, இன்னொரு தடவை கேள்விகளை மாற்றிப் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தாள். எண் பிசகவே இல்லை. இத்தனை காலமும் இந்தப் பெண் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், திரையின் மூலையில், சிவப்பு எழுத்தில். தான் செய்த பலகையில் எதை எறிய வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் போனதை நினைத்து சம்யுக்தாவுக்கு அழுகை முட்டியது.

"அண்ணன்கிட்டச் சொல்லிடட்டுமாக்கா?"

சரி. எண் இறங்கியது. பதினெட்டு, பதினான்கு, பதினொன்று. விழித்திருக்கிற கையில் அவள் அவ்வளவு குறைந்த எண்ணைப் பார்த்ததே கிடையாது. ஒன்பதில் வந்து நின்றது. சுமையை இறக்கி வைத்தவளின் கை அது. சம்யுக்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிடறேன்க்கா" என்றாள்.

பூபதி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தனுங்க அம்மணி. நான் காலைல அந்தக் கேள்வி கேக்கறப்ப மட்டும் இந்த நம்பரு செவப்பாயிருதுங்க. மத்தது எது கேட்டாலும் பச்சைதான். அது என்னத்துனாலங்க?"

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதை எப்படித் தொடங்குவது என்றுதான் பஸ்ஸில் தவித்திருந்தாள். இப்போது அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் முகம் அல்ல அது. அடி விழப்போகிற இடம் தெரிந்து, விழாமல் போகாதா என்று நிற்கிறவன் முகம்.

"வலிங்களா?" என்றார். "வலின்னா நான் கேக்கறத நிறுத்திப்போடறனுங்க. இல்ல..." என்று இழுத்தார்.

"அது பழைய கணக்குண்ணா" என்றாள் சம்யுக்தா. "கை மெலிஞ்சு போனதால பட்டை தப்பாக் காட்டுது. அதுக்கு இப்ப ஒரு அர்த்தமும் இல்லை."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல, தானாக வாயில் வந்தது. மனுஷன் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று பின்னால் பல நாள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. பயம். சொன்னால் அந்த முகத்தில் என்ன நடக்குமோ அதை நின்று பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். ஒருத்தியின் மூச்சைவிட அந்த ஐந்து நிமிஷம் அவளுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

பூபதி பெருமூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்தன. "அதானே பாத்தேன்" என்று முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப அத எடுத்துருங்களேன். பாக்கறப்பெல்லாம் பகீருங்குது."

"எடுத்துடலாம்ணா."

கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்காமலே அவள் தன் கைக்கருவியில் பன்னிரண்டாம் திருத்தத்தைத் திறந்தாள். சிரம எண்ணை நீக்கு. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் திருத்தமும் செல்லாது, கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும். சம்யுக்தா கேட்டாள்.

"வளர்மதிக்கா, இந்த எண்ணை எடுத்துடட்டுமா?"

மெசின் ஒரு மூச்சை உள்ளே தள்ளி வெளியே எடுத்தது. மூலையில் எண் ஏறியது. அறுபது, எண்பது, தொண்ணூற்று மூன்று. கட்டை விரல் துடித்தது. சரி.

சம்யுக்தா கைக்கருவியில் பொத்தானைத் தொட்டாள். திரையின் மூலை வெறுமையானது. சாட்சி இடத்தில் கையெழுத்து வேண்டும் என்று கருவியை நீட்டினாள். பூபதி விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "காப்பி ஆறுது பாருங்க, குடிங்க அம்மணி" என்றார்.